விருந்தாளிப் பூட்டு

சின்ன வயசு கோடை லீவைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேச ஆரம்பித்தால் பினாயிலக்காவுக்கு வயிற்றைப் புரட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே புரட்டும். வாயில் எச்சில் ஊறி, தொண்டை வரைக்கும் என்னவோ வந்துவிட்டுத் திரும்பிப் போகும். அவள் வேலை பார்க்கிற லாட்ஜில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள், "எங்க காலத்துல லீவுன்னா எப்படி இருக்கும் தெரியுமா" என்று தொடங்கினால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவளுக்குத் தலைக்கனம் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பினாயிலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காம்பவுண்டு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது உலகத்தில் ஆள் கிடையாது. அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு அவள் ஐம்பத்தெட்டு வயதிலும் பாப்பாதான். லாட்ஜில் மூன்றாவது மாடி முழுக்க அவள் பொறுப்பு. அறைகளைக் கூட்டி, விரிப்பு மாற்றி, குளியலறைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டிலும் கையில் பினாயில் பாட்டில்தான். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால்கூட அந்த வாடை லேசாக அடிக்கும் என்று காம்பவுண்டுப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். பொய்யில்லை, அடிக்கும்.

காம்பவுண்டு என்று சொன்னதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய கடைவீதிக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு நடை. அதற்குள் நுழைந்தால் நடுவில் ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கீழேயும் மேலேயுமாக அறைகள். ஓர் அறை ஒரு குடும்பம், மொத்தம் பதினோரு குடும்பங்கள். முற்றத்தின் நடுவே ஒரு குழாய். பின்மூலையில் இரண்டு கக்கூஸ். அதில் ஒன்றின் கூரை எந்தக் காலத்திலோ இடிந்து விழுந்து, உடைந்த கட்டிலும் ஓட்டை சைக்கிளும் போட்டுவைக்கிற இடமாகிவிட்டது. ஆக, பதினோரு குடும்பத்துக்கும் மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை. மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று வரிசையாகக் கக்கூஸ் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கதவு, கதவுக்கு உள்தாழ்ப்பாள். காலையிலும் மதியத்திலும் ஒரு அம்மா ரப்பர் குழாயைப் பிடித்து அடித்துக் கழுவுவார். பரீட்சை முடிகிற நாளை மற்ற பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க, இவள் அந்த நாள் தள்ளிப்போகாதா என்று வேண்டிக்கொள்வாள். ஒரு வருஷம் லீவு விட்ட அன்றைக்கு வாசலில் நின்று அழுதேவிட்டாள். "உங்க பொண்ணுக்குப் படிப்புமேல எவ்வளவு ஆசை பாருங்க" என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனார். அம்மாவுக்கு விஷயம் தெரியும். மகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

காரணம் இதுதான். லீவு விட்டால் இரண்டு மாதமும் காம்பவுண்டுதான் கதி. அதுவும் கோடை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். கக்கூஸுக்குப் போகிறவர்கள் அவரவர் வாளியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்பது ஏற்பாடு. கோடையில் வாளி அரையாகும், அரை கால்வாசியாகும், கடைசியில் வெறும் குவளையோடு போய்விட்டு, ஊற்றியது மாதிரி சத்தம் மட்டும் எழுப்பிவிட்டு வருவார்கள். ஒருவர் விட்டுப்போனதன்மேல் அடுத்தவர். வெயில் தகரக் கூரையைக் காய்ச்சி எல்லாவற்றையும் புளிக்கவைக்கும். சுவரில் கரப்பான், தரையில் காலை எங்கே வைப்பது என்று தெரியாத ஈரம், மூலையில் ஊறிப்போன பீடித்துண்டு. மேலே சொல்ல நாக்கு கூசுகிறது, பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

கதவில் உள்தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கயிறு கட்டியிருக்கும். உட்கார்ந்திருப்பவர் அதை இழுத்துப் பிடித்தபடி இருமிக்கொண்டே இருக்க வேண்டும், இருமல் நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். மாடியில் இருந்த அச்சகக்காரர் ஒருவருக்கு இருமல் கேட்டாலும் கேட்காது, கதவைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பத்து வயசுப் பெண் ஒருத்தி ஒரு கையில் கயிறும் மறுகையில் குவளையுமாக, மூச்சையும் அடக்கிக்கொண்டு, இருமவும் வேண்டும் என்றால் எப்படி? அதற்கு முன்னால் முற்றத்தைத் தாண்டி வாளியோடு நடக்க வேண்டும். ஊரே பார்க்கும். 'என்ன பாப்பா, இப்பதானே போன' என்று கேட்க ஒரு கிழம் எப்போதும் தயாராக உட்கார்ந்திருக்கும்.

ஆண்பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. காம்பவுண்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்வே நிலம், ஆளுயரப் புதர். காலையில் எழுந்ததும் சுவரேறிக் குதித்து, ஆளுக்கொரு புதராகப் பிடித்துக்கொண்டு, கத்திக் கதை பேசியபடி வேலையை முடித்துவிட்டுத் தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்கப் போய்விடுவார்கள். அண்ணன் அதில் ஒரு தலைவன். அவருக்குக் கக்கூஸ் என்று ஒன்று காம்பவுண்டில் இருந்ததே பாதி மறந்திருக்கும்.

அதனால் பாப்பா ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டைப் பாதியாக்கினாள். மதியம் ஐஸ்வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வருவார், சீவின ஐஸை உருட்டிக் குச்சியில் செருகி, மேலே சிவப்புச் சாறு ஊற்றித் தருவார். அப்பா இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுப்பார். நாக்கு ஒட்டிக்கொள்கிற தாகம். ஆனாலும் தன் பங்கை அப்படியே அண்ணனிடம் நீட்டிவிடுவாள். அவர் இரண்டையும் மாறி மாறிச் சப்புவார். இவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு கோடையில் அடிவயிற்றில் நெருப்பு வைத்தது போல் எரிந்து, காய்ச்சல் கண்டு, டாக்டரிடம் தூக்கிப்போனார்கள். "தண்ணி நிறையக் குடிக்கணும்மா" என்றார் அவர். அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து, மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் அம்மா துடைப்பத்தோடும் பினாயிலோடும் அந்த மூலைக்குப் போக ஆரம்பித்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. போனபின் யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதுதான் மனிதர்களின் லட்சணம்.

வளர்ந்த பிறகும் பினாயிலக்கா தன் வாழ்க்கையின் முடிவுகளை எல்லாம் இந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான் எடுத்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது, ஆள் என்ன நிறம், என்ன சம்பளம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்கா?" என்று மட்டும் தரகரிடம் கேட்டாள். தரகர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். இருந்தது. தலையாட்டிவிட்டாள். நல்ல மனிதர்தான், மஞ்சள் காமாலையில் நாலாவது வருஷமே போய்ச் சேர்ந்தார். அவருடைய தம்பிகளுக்கு அவள் இருந்த அறை தேவைப்பட்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே காம்பவுண்டுக்கு, அதே அறைக்கு, அதே மூலைக்குத் திரும்பி வந்தாள். துணிக்கடையில் வேலை கிடைத்தது, சம்பளமும் கூடுதல். அங்கே பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு லாட்ஜில் சேர்ந்தாள். லாட்ஜில் விருந்தினர் அறைக் குளியலறையை வேலைக்காரர்கள் கழுவலாம், தங்களுக்கென்று பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம். அவள் பயன்படுத்துவாள். ஆள் காலி செய்துவிட்டுப் போனதும் உள்ளே போய், பளபளக்கிற தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருப்பாள். மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு அதுதான்.

அம்மா போன பிறகு துடைப்பம் அவள் கைக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. விருந்தாளிப் பூட்டு.

இந்தப் பூட்டு எந்தப் புண்ணியவதியின் மூளையில் உதித்ததோ தெரியாது. யார் வீட்டுக்காவது வெளியிலிருந்து விருந்தாளி வந்தால், அந்த வீட்டுப் பெண்கள் விடிவதற்குள் கக்கூஸைக் கழுவி, பினாயில் ஊற்றி, அந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். விருந்தாளி கிளம்புகிற வரைக்கும் மற்ற பத்து வீட்டாரும் அடக்கிக்கொள்ள வேண்டியது. முடியாதவர்கள் கடைவீதிக் கட்டணக் கழிப்பிடத்துக்கு ஓட வேண்டியது. பூட்டைப் பார்த்துவிட்டால் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். இன்றைக்கு உன் மானம், நாளைக்கு என் மானம். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தபோதுகூடப் பூட்டைப் போட்டுக் கழுவிவைத்துத்தான் திறந்து காட்டினார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லாப் பராமரிக்கிறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார். புதிதாக ஒன்று கட்டித்தரும்படி மனு கொடுத்ததே இவர்கள்தான். இப்படியும் ஒரு கூட்டம் உண்டா என்றால், உண்டு.

அண்ணன் படித்து, வங்கியில் மேனேஜராகி, வேறு ஊரில் சொந்த வீடு கட்டிக்கொண்டார். ஒவ்வொரு கோடையிலும் ஒரே ஒரு நாள் காம்பவுண்டுக்கு வருவார். காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவார். அந்த ஒரு நாளும் பூட்டு பினாயிலக்கா வசம். அவர் மூக்கில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று தரையில் முட்டிபோட்டுத் தேய்ப்பாள்.

ரிட்டயரானதும் அவருக்கு எழுத்து நோய் பிடித்தது. பழைய காம்பவுண்டுப் பையன்களைத் தேடிப்பிடித்து வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். 'நம்ம காம்பவுண்டு பசங்க' என்று பெயர். தங்கையையும் அதில் சேர்த்துவிட்டார். ஏப்ரல் வந்ததும் தொடங்கிவிடுவார். 'அந்த மொட்டைமாடி, அந்தப் பட்டம், அந்தச் சுவர். அன்றைக்குப் பதினோரு வீடும் ஒரே குடும்பம். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது, அந்தச் சுகம் இருக்கிறதா?' கீழே வரிசையாக இதயங்கள், அழுகிற பொம்மைகள். பினாயிலக்கா லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் படிப்பாள். சொன்னேனே, எச்சில் ஊறித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுப் போகும் என்று. அங்கேதான்.

இந்த எரிச்சலோடு நின்றிருந்தால் கதை இல்லை. போன வருஷம் ஓனர் மகன் வந்து எல்லோரையும் முற்றத்தில் கூட்டினான். காம்பவுண்டை இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறான். பழைய குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வீடு. சமையலறை தனி, குளியலறை தனி. "கக்கூஸ்?" என்று பினாயிலக்கா கேட்டாள். "வீட்டுக்குள்ளதான்க்கா, பின்ன ரோட்டுலயா?" என்று சிரித்தான். அன்று அவள் சாப்பிடவில்லை, பசிக்கவே இல்லை.

பதினோரு வீட்டாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வீட்டார் போட்டுவிட்டார்கள். மிச்சம் இவர்கள் வீடு. அப்பா பெயரில் இருந்த குடித்தன உரிமை இப்போது அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும். அண்ணன் மறுத்துவிட்டார்.

"நினைவுகளை இடிக்க முடியுமா பாப்பா? அந்த இடம் அப்படியே இருக்கணும். என் பேரப்பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்றார் போனில்.

"நான் இருக்கிறது அங்கதான்ணா."

"அதான் சொல்றேன், நீ குடுத்து வச்சவ."

அந்தக் கோடைக்குள் முடியாவிட்டால் நிலத்தைக் கிடங்குக்காரன் ஒருவனுக்கு விற்றுவிடுவேன், அவன் தருவதை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று ஓனர் மகனும் சொல்லிவிட்டான். பத்து வீட்டாரும் பினாயிலக்காவைப் பார்க்கிற பார்வை மாறியது. மாடியில் ஒரு பெண்ணுக்கு ஏழு மாதம். வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் பிடித்துப் பிடித்து இறங்குவாள். "அக்கா, உங்க அண்ணன் என்ன சொல்றாரு?" என்று தினமும் கேட்பாள், கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் ஒரு வாரம் தங்கப் போவதாக வந்து இறங்கினார். பழைய கோடையை மறுபடி வாழ்ந்து பார்க்கப் போகிறாராம். வெள்ளை வேட்டி, புது டார்ச், தோளில் கேமரா. அண்ணி வரவில்லை, அண்ணி புத்திசாலி.

பழக்கதோஷம், முதல் நாள் விடிவதற்குள் பினாயிலக்கா கழுவிப் பூட்டைப் போட்டுவிட்டாள். அண்ணன் போய்விட்டு வந்து பல் தேய்த்தபடி முற்றத்தில் உலாவினார். குழாயைப் படமெடுத்தார். கூரை விழுந்த அந்தப் பழைய கக்கூஸைக்கூடப் படமெடுத்து, 'காலம் தின்றது போக மிச்சம்' என்று எழுதிப் போட்டார். உடனே முப்பது இதயம்.

பினாயிலக்கா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பேச்சை எடுத்தாள். அண்ணனிடம் பேசுகிற பேச்சா அது? ஆனாலும் எடுத்தாள்.

"அண்ணா, வேற எதுக்கும் வேண்டாம். அந்தக் கக்கூஸ் ஒண்ணுக்காகவாவது கையெழுத்துப் போட்டுடு."

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு. இப்பதானே போயிட்டு வந்தேன். எங்க வீட்டவிட சுத்தமா இருக்கு" என்றார் அவர்.

தான் கழுவியதே தன் கழுத்துக்குக் கயிறானால் யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணன் கதை சொல்ல ஆரம்பித்தார். காம்பவுண்டுச் சனம் சுற்றி நின்றது. பெரிய மனிதர், மறுக்காமல் கேட்டுக்கொண்டார்கள். பட்டம் வந்தது, தண்டவாளக் காசு வந்தது, பின்சுவர் வந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது கடைக்காரர்கள் கார் நிறுத்துகிற இடம். கடைசியில் ஐஸ் வந்தது.

"அப்பா ரெண்டு பேருக்கும் வாங்கித் தருவாரு. என் தங்கச்சி இருக்காளே, தன் பங்க ஒரு வாய்கூட வைக்காம எனக்கே குடுத்துடுவா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, லீவு முழுக்க. அந்தப் பாசம் இந்தக் காலத்துல கிடைக்குமா?"

சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் ச்சோ என்றார்கள். பினாயிலக்கா சட்டென்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாசத்தில் நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று அதையும் அண்ணன் கதையில் சேர்த்துச் சொல்லியிருப்பார். அவள் உள்ளே குனிந்து நின்று ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. வறண்ட தொண்டையோடு ஒரு பிள்ளை ஐஸை நீட்டியது, அதைச் சப்பித் தின்றவன் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்து இத்தனை வருஷமாகத் தித்திக்கத் தித்திக்கச் சுவைத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அண்ணன்மேல் அருவருப்பாக இருந்தது. வருஷம் தவறாமல் மண்டியிட்டுத் தேய்த்து, அவனை அப்படியே நம்பவைத்த தன்மேல் அதைவிட அருவருப்பாக இருந்தது.

அதன்பின் வெளியே வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு விருந்தாளி யாரும் இல்ல. எல்லாரும் எப்பவும் போலப் போங்க."

"உங்க அண்ணன் இருக்காரேக்கா" என்றாள் மாடிப்பெண் குழப்பமாக.

"அவர் இந்த வீட்டுப் பிள்ளைதானே, விருந்தாளியா என்ன?"

பூட்டைக் கழற்றித் தன் வீட்டு வாசல் ஆணியில் மாட்டினாள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தும் அவள் எழவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு ஊசிப்போன சோற்றைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டவள் போலக் குற்ற உணர்வு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முற்றத்தில் வாளிகள் இழுபடுகிற சத்தம், கதவு கிறீச்சிடுகிற சத்தம், இருமல், அடுத்தவர் இருமல். குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வழக்கத்தைவிட மோசம்.

அண்ணன் தோளில் துண்டோடு வெளியே வந்தபோது நல்ல வெயில். வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள். அவருக்கு முன்னால் அச்சகக்காரரின் மகன், இப்போது அவனும் அச்சகக்காரன்தான். பின்னால் மாடிப்பெண், வாளியை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு.

"என்ன வரிசை இது?" என்றார் அண்ணன் சிரித்தபடி.

"தினமும் உள்ளதுதான் சார்" என்றான் அவன்.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரைகள் உண்டு. அடக்குகிற வயசும் இல்லை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் கார் ஒன்று ஹாரன் அடித்தது. அவர் முறை வந்ததும் அவசரமாக உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"யாரும் கழுவலையா?"

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜராக இருந்தவர் குரல் அது, கேட்டதும் நாலு பேர் ஓடிவந்துதான் பழக்கம். இங்கே ஓடிவர ஆளில்லை. அவர் இன்னும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. மறுபடி உள்ளே போனார். கயிறு இழுபட்டது. கொஞ்ச நேரத்தில், பழகாத தொண்டையிலிருந்து ஓர் இருமல் வந்தது.

வெளியே வந்தபோது வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது. எதில் நனைந்தது என்று அவருக்கும் தெரியும், வரிசைக்கும் தெரியும். நாலடி நடந்தார், சாக்கடை ஓரமாகக் குனிந்தார், குடித்த காப்பி முழுவதையும் வாந்தி எடுத்தார். பினாயிலக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இல்லை. ஓடிப்போய் முதுகைத் தடவிவிட வேண்டும் போலக் கை பரபரத்தது. தடவவில்லை.

அவர் வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா இருந்தப்ப இப்படி இல்லையே பாப்பா."

"அம்மா இருந்தப்ப அம்மா கழுவினா. அப்புறம் நான் கழுவினேன். இன்னைக்கு நான் கழுவல."

அவர் ஆணியில் தொங்குகிற பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் பார்த்தே பழகின தலை, சீக்கிரம் புரிந்துகொண்டது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஓனர் மகனைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட எங்கே வரவேண்டும் என்று கேட்டார். அவன் அந்தப் பக்கம், "கோடை முடியறதுக்குள்ள எப்ப வேணா வாங்க சார், அவசரமில்ல" என்றது கேட்டது.

"இல்ல, இன்னைக்கே வர்றேன்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்தது. மாடிப்பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பினாயிலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிடைக்காமலே போய்விடும் என்று பயந்தது கிடைத்துவிட்டது. பினாயிலக்காவுக்கு மட்டும் வாயெல்லாம் கசந்தது. தன் மூக்கில் ஐம்பது வருஷமாகப் பட்டது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவர் மூக்கில் ஒரே ஒரு நாள் காலையில் பட்டது, கட்டிடமே இடியப் போகிறது.

அண்ணன் போனைப் பையில் வைத்துக்கொண்டார். தலை நிமிராமலே கேட்டார்.

"நாங்கல்லாம் சுவரேறிப் போயிடுவோம். அப்ப லீவுல நீ எங்க போவ?"

இந்தக் கேள்வியை உலகத்தில் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. தரகர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, பெற்ற அப்பா கேட்கவில்லை.

"போகமாட்டேன்" என்றாள்.

"போகமாட்டியா? ரெண்டு மாசமுமா?"

"முடிஞ்ச வரைக்கும். தண்ணி குடிக்காம, எதுவும் திங்காம இருந்தா, ஒரு நாளைக்கு ஒரு தடவையோட ஓட்டிடலாம். சில நாள் அதுவும் வேண்டாம்."

அவர் பார்வை எங்கேயோ தூரத்தில், ஐஸ்வண்டி மணியடித்த ஒரு மதிய வெயிலில் போய் நின்றது. அவர் முகம் கோணிக்கொண்டு போவதைப் பினாயிலக்கா பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வரவில்லை, தேடிப்பார்க்கவும் தோன்றவில்லை.

மாடிப்பெண் இன்னும் வரிசையில்தான் நின்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நாலு மாடி எழும்புகிற வரைக்கும் அவளால் நிற்க முடியுமா? பினாயிலக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தாள். மாடிப்பெண்ணின் வாளியை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருண்ணா" என்றாள். "மேல தெறிக்கும்."